எட்டு ஓட்டை, நாலு திருகாணி

காத்தான்: ...பதினேழு. அசையாதீங்க தம்பி... பதினெட்டு.

அர்த்தனாரி: என்னத்தைங்கண்ணா எண்ணறீங்க?

காத்தான்: சொட்டைத்தான். நீங்க மிஷினுக்கு அடியில படுத்ததுல இருந்து பதினெட்டுச் சொட்டு எண்ணெய் கொட்டாங்குச்சியில உழுந்திருக்குது. உங்க நெத்தியில உழுந்ததைச் சேர்க்கலைங்க.

அர்த்தனாரி: இருக்கற போல்ட்டையெல்லாம் முறுக்கிட்டேன்... மறுபடியும் முறுக்கிட்டேன். என்ற கைதான் சரியில்லையோ என்னமோ.

காத்தான்: ஆரஞ்சுத் தோட்டத்தை உழுகற குட்டி டிராக்டருன்னு சொல்லித்தான் தூக்கியாரச் சொன்னாங்க. இது பூமிக்கு எண்ணெய் தேச்சு உட்டுக்கிட்டு நிக்குது.

அர்த்தனாரி: சிரிக்காதீங்கண்ணா. மொதலாளி நாளைக்கு உச்சிப்பொழுதுக்கு மேல வர்றாரு. ஒரு சொட்டு ஒழுகினாலும் மிஷினைக் கழட்டி மலையடிவாரத்துப் புளியஞ்சோலைக்கு எறக்கிரு, வாங்கின எடத்துக்கே திருப்பி அனுப்பிரலாம்னு கடுதாசி போட்டிருக்காரு. என்னையும் அதுகூடவே எறங்கி ஊட்டுக்குப் போகச் சொல்லிட்டாரு. எனக்கு இதுதான் மொத வேலைங்க.

காத்தான்: எறக்கறதுன்னா... இங்க என்ன ரோடா கெடக்குது? ஆரு எறக்கறது?

அர்த்தனாரி: ஏத்தின பன்னெண்டு பேருதானுங்க. முன்னால நீங்க.

காத்தான்: இந்தத் தோளைப் பாருங்க. எஞ்சினை மூங்கில்ல கட்டி ஏத்தி இருபது நாளாச்சு, தோலு இன்னும் மூடலை. ஏத்தத்துல மூச்சு வாங்கறதோட போயிரும். எறக்கத்துல முன்னால புடிக்கறவனுக்கு முட்டியே கழண்டுரும்... கடுதாசியில வேற என்ன எழுதியிருக்குது?

அர்த்தனாரி: வேற... வேறொன்னுமில்லீங்க.

காத்தான்: அப்ப இன்னைக்கே அடைச்சுப்போடோணும். நான் என்ன பண்ணட்டும், சொல்லுங்க.

அர்த்தனாரி: ஒரு சந்தேகம். எண்ணெய் நிக்கற இந்த அடிச்சட்டியைச் சுத்தி எட்டு ஓட்டை இருக்குது. இந்தாங்க, கையில கழட்டி வெச்சிருக்கறதோட சேர்த்து போல்ட்டு நாலுதான். புளியஞ்சோலையில உங்ககிட்ட ஒப்படைக்கறப்ப எட்டுன்னு நோட்டுல எழுதியிருக்கேன். ஓட்டையை எண்ணிப்போட்டு போல்ட்டுன்னு எழுதிட்டனோ...

காத்தான்: அப்படித்தான் இருக்கும். வெயில்ல நின்னு எண்ணினீங்க.

அர்த்தனாரி: இல்லீங்களே, மரத்து நெழல்ல உக்கார்ந்து எண்ணினேன்.

காத்தான்: நெழல்ல கண்ணு எங்கீங்க சரியாத் தெரியும். மீதி ஓட்டை காத்து போறதுக்குன்னு சீமைக்காரன் உட்டிருப்பான்.

சின்னாயி: ரெண்டு பேரும் மொதல்ல இந்தக் கஞ்சியைக் குடிங்க... ஏங் கண்ணு, அதென்ன உன்ற கையில? எங்கூட்டு ஆட்டுக் கழுத்துல தொங்கறது மாதிரியே இருக்குது.

காத்தான்: சின்னாயி, நீ ஊட்டுக்குப் போ.

அர்த்தனாரி: இது போல்ட்டுங்கக்கா. ஆட்டுக் கழுத்துக்கு எப்படி வந்துச்சு?

சின்னாயி: என்ற ஊட்டுக்காரரையே கேளு. மிஷினைத் தூக்கியாரயில, எறக்கி வெச்ச எடத்துல பொறுக்கினேன்னாரு. நாலு எடத்துல எறக்கி வெச்சாங்களாம், நாலு திருகாணி கெடந்துச்சாம்.

காத்தான்: ...பொறுக்கலைங்க தம்பி. கழட்டினது. கனம் தாங்கலை, எதையாச்சும் கொறைங்கன்னு பசங்க பொலம்பினாங்க. எட்டு இருக்குதே, ஒரு சட்டிக்கு நாலு போதாதான்னு... அரிவாளை வெச்சுத் தட்டித் திருப்பினோம்.

அர்த்தனாரி: ஒரு போல்ட்டைக் கழட்டினா என்னங்கண்ணா கனம் கொறையும்?

காத்தான்: மனசுக்குக் கொறஞ்சுதுங்க. அடுத்த மேடு வரைக்கும் ஓட்டமா ஏறினோமில்ல.

அர்த்தனாரி: சரி... சட்டிக்கும் எஞ்சினுக்கும் நடுவுல அட்டை மாதிரி ஒன்னு இருந்திருக்குமே. எண்ணெய் ஒழுகாம இருக்க வெக்கறது. பேக்கிங்குன்னு சொல்லுவாங்க.

காத்தான்: கருப்பா, எண்ணெய் ஊறி... வெளிய நீட்டிக்கிட்டு இருந்துச்சே, அதுங்களா? சாமான் சுத்தின காயிதம்னு நெனச்சு இழுத்தேன். பாதி வந்துச்சு. அன்னைக்குத் தூறல்ல சுள்ளியெல்லாம் நமுத்துப்போச்சு... அதுதான் நல்லாப் புடிச்சுது. பன்னெண்டு பேரும் சுருட்டுப் பத்தவெச்சோம்.

அர்த்தனாரி: இருபது நாளா நான் என்னையே திட்டிக்கிட்டுக் கெடக்கறேன்.

காத்தான்: சொல்லலாம்னுதான் இருந்தேன். நீங்களே திட்டிக்கிட்டு இருக்கறப்ப, குறுக்க வந்து கெடுப்பானேன்னு...

அர்த்தனாரி: அந்த நாலும் இப்ப எங்க இருக்குதுங்கக்கா?

சின்னாயி: ஒன்னு ஆட்டுக்கு. ஒன்னு கதவுக்குக் கொண்டி. ஒன்னுல இவரு பாக்கு இடிக்கறாரு. நாலாவதுதான் சங்கடம். அது நம்ம கருப்பாத்தாள் கொழந்தைக்குத் தலைமாட்டுல இருக்குது. பொறந்து பதினோரு நாளுதான் ஆச்சு. பச்சைக் கொழந்தைக்குப் பக்கத்துல இரும்பு இல்லாம இருக்கக் கூடாது.

அர்த்தனாரி: ஒரு அரிவாளை வெச்சுட்டு இதை எடுத்துக்கலாமே.

சின்னாயி: அரிவாளு வெச்சிருந்தப்பத்தான் மூணு நாளு ஓயாம அழுதுதாம். இதை வெச்சப்பறம் சத்தமே இல்லையாம். மிஷினு இரும்பு இல்லாம ஆகாதுன்னு அவ ஒத்தைக் கால்ல நிக்கறா.

அர்த்தனாரி: அப்ப... இந்தாங்க, முன்னால இருக்கற பேர்த் தகடு. இது இல்லாட்டியும் ஓடும். இதுவும் மிஷினு இரும்புதான்னு சொல்லுங்க.

சின்னாயி: இதுல எழுத்தெல்லாம் வேற இருக்குது. கொழந்தை படிச்சுக்கிட்டே தூங்கட்டும். ஒரே ஓட்டமாப் போயிட்டு வாரேன்.

அர்த்தனாரி: அண்ணா, என்ற நோட்டு அட்டையைக் கிழிச்சுட்டேன். கழட்டின சட்டி வெளிம்புல வெச்சு அமுக்கினா எண்ணெய்க் கறை அச்சா உழுகும். அது மேலயே வெட்டோணும்... அட்டை இது ஒன்னுதான். தப்பா வெட்டிட்டா...

காத்தான்: இப்படிப் பயந்துக்கிட்டே வெட்டினா தப்பாத்தான் போகும். இப்படிக் குடுங்க. நீங்க கறையைக் காட்டுங்க, நான் வெட்டறேன். மூங்கிலை நாராக் கீறற கையி இது.

அர்த்தனாரி: மெதுவாங்க... ஓட்டை இருக்கற எடத்துல இன்னும் மெதுவா...

சின்னாயி: இந்தா கண்ணு, நாலும் இருக்குது. ஆடுதான் குடுக்க மாட்டேன்னு முட்டிருச்சு.

அர்த்தனாரி: எட்டும் பூட்டியாச்சு. எண்ணெயும் ஊத்தியாச்சு. எஞ்சினு ஓடி ரொம்ப நேரமாச்சு... கொட்டாங்குச்சியை நீங்களே பாருங்கண்ணா. எனக்குப் பயமா இருக்குது.

காத்தான்: காஞ்சு கெடக்குது.

அர்த்தனாரி: எதுக்கும் நூறு வரைக்கும் எண்ணிப்போட்டுச் சொல்லுங்க.

காத்தான்: ஒன்னு... ஏனுங், உழுகாததை எப்படிங்க எண்ணறது?

சின்னாயி: நின்னுபோச்சு கண்ணு. நானும் கையை உட்டுப் பார்த்துட்டேன்.

காத்தான்: அப்ப எறக்க வேண்டியதில்லை?

அர்த்தனாரி: எறக்க வேண்டியதில்லீங்க.

காத்தான்: சாமி, பொழச்சேன். முட்டி தப்பிச்சுது, தோளும் ஆறிரும். இனி மம்மட்டியைத் தவிர ஒரு இரும்பும் இந்தத் தோளுல ஏறாது... ஏனுங் தம்பி, அதுதான் நின்னுபோச்சே, மூஞ்சி ஏன் இன்னும் அப்படியே இருக்குது?

அர்த்தனாரி: கடுதாசியில இன்னொரு வரி இருந்துச்சுங்கண்ணா. காலையிலயே சொல்லியிருந்தா, இதை எறக்கறதே மேலுன்னு ஒழுக உட்டுப்போட்டு உக்கார்ந்திருப்பீங்க... இது ஒழுகாம ஓடிச்சுன்னா, இதைவிட மூணு பங்கு பெருசா ஒன்னு வாங்கியிருக்காராம், அதை மேல ஏத்தச் சொல்லியிருக்காரு. புளியஞ்சோலைக்கு அது வந்து நாலு நாளாச்சுங்க.