ஆழமில்லாத வாசல்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் ஊர்த்தலைவர் இன்னொகென்ட்டி அவர்களே, பெரிங் கடலின் காற்றோடு மல்லுக்கட்டி வந்திருக்கும் மூத்தோர்களே, மீன் அறுத்த கை காயும் முன்பே வந்தமர்ந்திருக்கும் தாய்மார்களே, அன்று போலவே இன்றும் கடைசி வரிசையைத் தேடிப் பிடித்திருக்கும் என் பழைய மாணவர்களே, வணக்கம்!

படகுகள் உள்ளே வந்து நிற்பதற்காகக் காயலின் வாயைத் தோண்டி ஆழப்படுத்தலாமா என்று இன்று கை தூக்கப் போகிறோம். நான் அச்சத்தோடு நிற்கிறேன்.

என்ன தம்பி லவ்ரென்ட்டி?

"காயலுக்கு வெளியில நிறுத்துன என் படகு போன புயல்ல நொறுங்கிச்சே வாத்தியாரே! அந்தப் பயம் பயமில்லையா?"

நியாயம் தம்பி. உட்காருங்கள், பதில் வருகிறது.

சென்ற கோடையில் இதோ முன்வரிசையில் இருக்கும் அக்ரஃபேனா அக்காவும் நானும் மீனுக்குப் போனோம். மூடுபனி இறங்கியது. நம் வழக்கம் என்ன? தாய் நீர்நாய் இரைக்கு முங்கும் முன், குட்டி மிதந்து போகாதிருக்கக் கடலடியில் வேர்பிடித்து நிற்கும் பாசிக்கொடியைச் சுற்றிவிட்டுப் போகிறதே, அதுதான் நமக்கும் நங்கூரம். கொடியை இழுத்துப் படகில் கட்டினோம். தேநீர் ஊற்றினோம்.

கொடி கையோடு வந்துவிட்டது!

"அடித்தண்ட அரிச்சுத் தின்னிருக்குடா" என்றார் அக்கா.

தின்றது யார்? கடலடிப் பாறையில் ஊரும் முள்ளுருண்டை, கடல் முள்ளெலி. முள்ளெலியை மார்பின் மேல் கல் வைத்து உடைத்துத் தின்பது யார்? நீர்நாய். அந்த நீர்நாய்கள் எங்கே? கொலைத்திமிங்கிலத்தின் வயிற்றிலே! நீர்நாய் குறைந்தது, முள்ளெலி நிறைந்தது, கொடி அறுந்தது, எங்கள் படகு அலைந்தது.

கரை எந்தப் பக்கம்? பாறை எந்தப் பக்கம்? திசை காட்டும் கருவியோ நனைந்து கண்ணை மூடிக்கொண்டது. மோட்டாரைக் கிளப்பி எங்கே ஓட்டுவது?

அப்போது பனிக்குள் ஒரு பெருமூச்சு. திமிங்கில முதுகின் ஆள் உயரக் கருந்துடுப்பு ஒன்று படகோரம் எழுந்தது. கொலைத்திமிங்கிலம் மனிதரைத் தின்னாது என்று ஆண்டுதோறும் பாடம் நடத்தியவன் நான். அன்று அந்தப் பாடம் எனக்கே மறந்துபோனது. சிரிக்காதீங்க அக்கா, நீங்களும் சாமியைக் கூப்பிட்டீங்க!

"நான் சாமியத்தான் கூப்பிட்டேன். நீ ஒங்கம்மாவத்தானே கூப்பிட்ட!"

கூப்பிட்டேன், ஒப்புக்கொள்கிறேன்.

அந்த நேரத்தில்தான் கேட்டது ஓர் அழுகை. கீச்சென்று, கைக்குழந்தை போல. தாய் முங்கியிருக்க, மேலே மிதக்கும் நீர்நாய்க்குட்டி கத்தியது. அக்கா என் தோளைப் பிடித்து உலுக்கினார். "குட்டி இருந்தா கொடி இருக்கும். கொடி அரிபடாம மிஞ்சியிருக்கறது நம்ம காயல் வாயிலதான். பேசாத. சத்தம் வர்ற பக்கம் துடுப்பப் போடு!"

போட்டோம். கை மரத்துப்போகும் வரை போட்டோம். அடியில் கூழாங்கல் உரசியது. உள்ளே வந்துவிட்டோம். பின்னாலேயே வந்த கருந்துடுப்பு வாயருகே நின்றது, ஒருமுறை உருண்டது, ஆழம் போதாமல் திரும்பிப் போனது.

உள்ளே பார்த்தால், இந்தத் தீவில் எஞ்சிய நீர்நாய்களெல்லாம் கொடியைப் போர்த்துக்கொண்டு மல்லாந்து கிடந்தன.

தம்பி லவ்ரென்ட்டி, தோண்டினால் உங்கள் படகு உள்ளே வரும். அதன் பின்னால் வருவது யார்? வெளியே கல்லடுக்கி உங்கள் படகுக்குத் தடுப்பு கட்டுவோம். முதல் கல்லை நான் சுமக்கிறேன். ஆனால் அந்த வாசலை மட்டும் தொடாதீர்கள்!

மூடுபனி மறுபடி வரும். நம் பிள்ளைகள் நடுக்கடலில் திசை தெரியாமல் காதைத் தீட்டிக்கொண்டு இருப்பார்கள். அன்று எந்தக் குட்டியும் அழாவிட்டால்? அந்த அமைதியை நினைத்தே நடுங்குகிறேன்.

குளிரிலும் கலையாமல் கேட்ட உங்கள் செவிகளுக்கு நன்றி. கை தூக்கும் முன் இந்த மண்டபக் கதவைச் சற்றுத் திறந்து வையுங்கள். காயலிலிருந்து ஒரு குரல் வரும், அதையும் கேளுங்கள். வணக்கம்.