ஜீப்பை விட்டு இறங்காதவர்

கிருஷ்ணகுமார்: இல்லாத புல்லு எப்படிக் காயும், அண்ணாச்சி? அதை மொதல்ல சொல்லுங்க.

சோலைச்சாமி: வறட்சி கணக்கெடுக்க வந்துட்டு இப்படிக் கேட்டா எப்படி, சார்...

கிருஷ்ணகுமார்: நான் கேக்கல, ரிஜிஸ்தர் கேக்குது. உங்க ஊர் மேய்ச்சல் புறம்போக்கு, அறுவது ஏக்கர். 'புல் முளைக்காத சரளைத் தரிசு.' அஞ்சு வருசம் முந்தி, தொண்ணூத்தெட்டுல எழுதுனது. நல்ல மழைக்கே ஒண்ணும் முளைக்காத எடத்துல வறட்சியால நட்டம்னு எப்படி எழுத?

சுடலையம்மாள்: அப்போ நிவாரண வைக்கோல் கெடையாதா?

கிருஷ்ணகுமார்: மேய்ச்சல் பாதிக்கு மேல அழிஞ்சிருந்தாத்தான் வரும். உங்களுக்கு அழிவு சைபர்ல்லா வருது.

சுடலையம்மாள்: நாப்பது உருப்படி, சார். எல்லாம் செனையாடு. வைக்கோல் வரலைன்னா நாளைக்கு எட்டயபுரம் சந்தைக்குப் பத்தணும். வாங்குததெல்லாம் கறிக்கடைக்காரவியதான்...

சோலைச்சாமி: எந்த மடையன் எழுதுனானோ. கண்ணு தெரியாதவனா இருப்பான்.

சுடலையம்மாள்: நாம சொன்னதைத்தான அவிய...

சோலைச்சாமி: ஏட்டி, சும்மா இருக்கியா?

கிருஷ்ணகுமார்: நீங்க சொல்லுங்கக்கா.

சுடலையம்மாள்: இவியளுக்குப் பயம், நான் சொல்லிருதேன். அந்த வருசம் சர்க்காரு காடு வளக்கப் போகுதுன்னு பேச்சு. நல்ல மண்ணுன்னு தெரிஞ்சா வேலி போட்டு மரத்தை நட்டுருவாங்க. பெறகு ஆட்டை எங்கன மேய்க்க? அதான், யாரு கேட்டாலும் புல்லே முளைக்காதுன்னு சொல்லிரணும்னு ஊரே பேசி வச்சோம்.

கிருஷ்ணகுமார்: சொன்னா... வந்தவரு பாக்கலையா?

சுடலையம்மாள்: எங்க பாக்க? ஐப்பசி மழை. கரிசல் சகதி செருப்புல அப்பிரும்னு ஜீப்பு ஊர் முக்குலயே நின்னுட்டு. டவாலி போட்ட பியூன் மட்டும் எறங்கி வந்து கேட்டாரு. இங்கன முழங்கால் ஒசரத்துக்குக் கொழுக்கட்டைப்புல்லு நின்னுச்சு, சார்.

சோலைச்சாமி: போச்சு... கேஸ் போட்டுருவீகளோ?

கிருஷ்ணகுமார்: மம்பட்டி இருக்கா?

சோலைச்சாமி: இருக்கு... எதுக்கு?

கிருஷ்ணகுமார்: இந்தா, அளவுக்குத் தரையில நான் போட்ட கம்பிச் சட்டத்துக்குள்ள மட்டும் கொத்துங்க. மெதுவா... மேல கைப்பிடி புல்லு கூட இல்ல. அடியில பாருங்க, செத்துப்போன புல்லோட வேர்த் தூரு. எண்ணுங்கக்கா.

சுடலையம்மாள்: ஒம்போது... பத்து... பதினொண்ணு. எல்லாம் கொழுக்கட்டைப்புல்லுதான்.

கிருஷ்ணகுமார்: இன்னும் நாலு எடத்துல கொத்திப் பாத்துருவோம். ஒரு எடத்தை வச்சு எழுத முடியாது.

சோலைச்சாமி: ...அம்புட்டுத்தான், சார். நாலு எடத்துலயும் பத்துக்குக் கொறையல. மடையா, சரளைன்னா எழுதுன?

கிருஷ்ணகுமார்: சரி, எழுதியாச்சு. இத்தனை தூருல வளர வேண்டிய புல்லு அம்புட்டும் போயிருக்கு. நூத்துக்கு எம்பதுக்கு மேல நட்டம். சந்தைக்குப் போவாண்டாம், வைக்கோல் வந்துரும்.

சுடலையம்மாள்: நல்லா இருப்பீங்க, எய்யா. ரெண்டு நாளா ஆட்டு மூஞ்சியப் பாக்க முடியல. இப்பத்தான் மூச்சே வருது.

சோலைச்சாமி: எனக்கும் தலைச்சுமை எறங்குன மாதிரி இருக்கு. ஆனா சார்... மேல உள்ளவிய பழைய ரிஜிஸ்தரைப் பாத்துட்டா? பாக்காம எழுதுனேன்னு அந்த மனுசன் ஒத்துக்கிடவா போறாரு?

கிருஷ்ணகுமார்: ஒத்துக்கிட்டாரு, அண்ணாச்சி. இந்தத் தாள்ல கடைசி வரியப் பாருங்க. 'தொண்ணூற்றெட்டில் நான் நேரில் பார்வையிடவில்லை; ஜீப்பை விட்டு இறங்கவே இல்லை.' கீழ என் கையெழுத்துதான்.