வீட்டோடு சேர்ந்தவள்

பித்தளைக்குப் புளிதான் சரி. சாம்பல் போட்டுத் தேய்த்தால் கீறல் விழும். இதைச் சீதாவிடம் பல தடவை சொல்லியிருக்கிறேன். தலையை ஆட்டுவாள், சாம்பலைத்தான் போடுவாள். மற்றபடி அவள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜப்பான்காரன் போன பிறகு நடக்கும் இந்த விசாரணையை நீங்கள் அவளைப் பற்றிய கேள்வியோடு தொடங்கியதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஐயா.

காஜா பேராங்கில், மலாக்கா செட்டிகள் குடியிருக்கும் பகுதியில், அவளுடைய தாத்தா தம்பிராஜாவின் வீடு இருக்கிறது. சாகும்போது அவர் அதை எங்கள் பழம்பொருள் சங்கத்துக்கு எழுதிவைத்தார். கல்யாணக் கட்டில், வெற்றிலைத் தட்டம், குத்துவிளக்குகள், பாட்டனார் காலத்துக் கிரிஸ் கத்தி எல்லாம் வைத்த இடத்திலேயே இருக்க வேண்டும், ஊரார் வந்து பார்க்க வேண்டும், ஒரு சாமான்கூடப் பிரிந்து போகக் கூடாது என்பது அவருடைய விருப்பம். புருஷனை இழந்த சீதா வீட்டைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருக்கலாம். சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் அவர் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தவன் நான். மாணிக்கவாசகம் சொன்ன சொல் மாறமாட்டான் என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

அப்புறம் ஜப்பான்காரன் வந்தான். சங்கத்துக்குப் பணம் கொடுத்துவந்த வெள்ளைக்காரர்கள் சிறைக்குப் போனார்கள். சிங்கப்பூருக்குப் போன தலைவர் கருணாகரன் திரும்பவே இல்லை. கூரை ஒழுகியது. ஊரே மரவள்ளிக்கு அலைந்துகொண்டிருந்தபோது பழைய கட்டிலைப் பார்க்க யார் வருவார்கள்? மிஞ்சிய உறுப்பினர்கள் என் வீட்டில் கூடி, சங்கத்தை மூடிவிடலாம், அந்த வீட்டை விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். வியாபாரிகள் மோப்பம் பிடித்து வந்தார்கள். ஒருவனுக்குக் கட்டில் மட்டும் போதும், இன்னொருவனுக்கு விளக்குகள் மட்டும். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அப்படியே முழுசாக எடுத்துக்கொள்கிறேன் என்றவர் ஒரு ஜப்பானிய அதிகாரிதான். ராணுவ அதிகாரிகள் தங்கிக் களைப்பாற வீடு தேடிக்கொண்டிருந்தார். மரியாதை தெரிந்த மனிதர், காலணியைக் கழற்றிவிட்டே உள்ளே வந்தார். ஒவ்வொரு சாமானாகக் காட்டினேன். சமையல்கட்டு வாசலில் சீதா நின்றிருந்தாள். இவள் யார் என்று மலாயில் கேட்டார். நானும் மலாயிலேயே பதில் சொன்னேன்.

“வீட்டோடு சேர்ந்தவள்.”

சொன்னது பொய்யில்லை. அவர் சிரித்தார். எதற்குச் சிரித்தார் என்று எனக்குப் புரிந்தது, புரியவில்லை என்று இங்கே நான் புளுக மாட்டேன். அதன் பிறகு அவர் பேரம் பேசவில்லை. விலையை அரிசியாகக் கேட்டு வாங்கி, உறுப்பினர்கள் எல்லோருக்கும் பங்கு கொடுத்தேன். யாரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவளிடம், வீட்டுக்குப் புது எஜமானர் வருகிறார், வழக்கம்போல வேலையைப் பார் என்று மட்டும் சொன்னேன்.

சாவி கொடுத்த மறுநாளே, கொட்டுகிற மழையில் என் வீட்டுக்கு ஓடிவந்தாள். கெபாயாச் சட்டை தோளில் கிழிந்திருந்தது. செட்டிகளுக்குத் தமிழ் பேச வராது, பேச்செல்லாம் மலாய்தான். உறவுமுறைதான் இன்னும் தமிழில் நிற்கிறது.

“ஜாங்கான் ஹந்தார் பாலிக், மாமா,” என்றாள். திருப்பி அனுப்பாதீர்கள் என்று கெஞ்சினாள்.

என் மனைவி அஞ்சலை அவளுக்குத் தலையைத் துவட்டிவிட்டாள். “இந்தப் புள்ள இங்கயே கெடக்கட்டுங்க,” என்று என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்கும் மனது கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனால் பேச்சு பேச்சுதான். இவள் இல்லையென்றால் அந்த மனிதர் பேரத்தை முறித்திருப்பார். சாமான்கள் நாலு பக்கமும் சிதறியிருக்கும். தம்பிராஜாவுக்குச் செய்த சத்தியம் என்னாவது? அரிசியையும் எல்லோரும் உலையில் போட்டாயிற்று. குடையை எடுத்துக்கொண்டு நானே அவளைக் கூட்டிப்போய் அந்த வாசலில் விட்டேன். வழிநெடுகக் குடையை அவள் பக்கமாகவே சாய்த்துப் பிடித்திருந்தேன், நனைந்தது நான்தான்.

அந்த வருஷக் கடைசியில் பின்கட்டுக் கிணற்றில் கிடந்தாள். அஞ்சலை என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். சாமான்களில் ஒன்றுகூடக் குறையவில்லை, நீங்களே போய்ப் பார்க்கலாம்.

இப்போதெல்லாம் நான் கோயிலுக்குப் போனால், துக்காங் எமாஸ் தெருக் கடைகளில் நிற்கும் தமிழ்ப் பையன்கள் சிரித்துக்கொண்டே என்னை மாமா, மாமா என்று கூப்பிடுகிறார்கள். சீதா போன பிறகும் ஊர் அந்த உறவுமுறையை விடவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல், ஐயா.