மறுப்பு உண்டா?

இல்லைங்க சார், அவருக்கு ஒண்ணும் ஆகல. நல்லாத்தான் இருக்கார். அவர்தான் இந்தக் காலேஜ் பிரின்சிபால். மாடியிலேருந்து இறங்கும்போது இங்க எல்லாரும் அப்படித்தான், கைப்பிடியப் புடிச்சுக்கிட்டு பின்பக்கமா இறங்குவாங்க. நீங்க விழுந்துடப் போறாரேன்னு ஓடிப்போய்த் தாங்கப் பார்த்தீங்க. அந்த நல்ல மனசுக்கு நூறு வயசு இருக்கணும் நீங்க. ஆனா மனுஷன் பதறிட்டார் பாருங்க. பாதிப் படியில யாராவது தொட்டா அடுத்து எந்தக் கால வைக்கணும்னு அவருக்கு மறந்துடும்.

மெத்தைய அந்தச் சுவத்துல சாத்திட்டு இப்படி பெஞ்சுல உக்காருங்க. ஆபீஸ் திறக்க இன்னும் நேரமாகும். இன்னைக்கு காலேஜ் கவுன்சில் கூட்டம், அதான். நானா? நான் இங்க மெஸ் பொறுப்பு, சமையக்கார அம்மா. இங்கயே தங்கிப் படிக்கிற பிள்ளைங்க, தங்கிப் பாடம் நடத்துற வாத்தியாருங்க, அத்தனை பேர் வயித்துக்கும் நான்தான் ஜவாப்தாரி. உங்க பொண்ணும் இனிமே என் கையாலதான் சாப்பிடப் போறா. என்னது, சாப்பாட்டுக்கு டிமிக்கி குடுக்கற பொண்ணா? அதெல்லாம் என்கிட்ட நடக்காது, விடுங்க. கூட்டத்தன்னிக்கு உள்ள காபி ஊத்தறதும் நான்தான். அதான் ஃபிளாஸ்க்கும் கையுமா உக்காந்திருக்கேன். இந்தாங்க, ஒரு வாய் குடிங்க. அட, சும்மா குடிங்க. கவுன்சில் காபிதான், யாரும் ஏன்னு கேக்கமாட்டாங்க. இந்தக் கவுன்சில்ல யாரும் எதையும் ஏன்னு கேக்கமாட்டாங்க.

படி விஷயத்துக்கு வர்றேன், அவசரப்படாதீங்க. ஒருநாள் ரெண்டு பசங்க, ஒருத்தன் ஏற ஒருத்தன் இறங்க, நடுப்படியில மோதிக்கிட்டு ஒருத்தனுக்கு முன்பல்லு போயிடுச்சு. கவுன்சில்ல பேச்சு வந்துச்சு. தலைவர்னு ஒருத்தர் இருக்கார், வெள்ள மீசை, தங்கமான மனுஷன், கோவமே வராது, யோசனையும் வராது. அவர் சொன்னார், இனிமே படிக்கட்டு ஏறுறதுக்கு மட்டும். சொல்லிட்டு வழக்கம்போல கேட்டார், மறுப்பு உண்டா? ஈ காக்கா வாயத் திறக்கல. முடிஞ்சுது, நிறைவேறிடுச்சு.

அப்ப எப்படி இறங்கறதா? நீங்க கேக்கறீங்க, உங்களுக்கு வாய் இருக்கு. அன்னைக்கு உள்ள உக்காந்திருந்தவங்க அத்தனை பேரும் டாக்டர் பட்டம் வாங்கினவங்க. ஒருத்தருக்கும் தோணல. இல்ல, தோணுச்சு, எல்லாருக்கும் தோணுச்சு, மூஞ்சியப் பார்த்தாலே தெரிஞ்சுது. காபிய முழுங்கற மாதிரி அதையும் முழுங்கிட்டாங்க.

கூட்டம் முடிஞ்சதும் பிரின்சிபால் மூக்குக் கண்ணாடிய எடுக்க மாடிக்குப் போனார். போனவருக்கு அங்க போனப்புறம்தான் உறைச்சுது. தான் தலையாட்டின சட்டத்த தானே மீறலாமா? மேலயே இருந்துட்டார். ஃபைல் எல்லாம் மேல போகும், கையெழுத்துப் போட்டு ஜன்னல் வழியா விட்டெறிவார். சாப்பாட்ட நான் கூடையில வெச்சுக் கயித்துல கட்டி மேல ஏத்துவேன். சிரிக்காதீங்க சார், கயிறு இழுத்து இழுத்து என் தோள்பட்டை போச்சு. கடைசியில சட்டம் சொல்லித் தர்ற புரொபசர்தான் ஒரு வழி கண்டுபுடிச்சு தலைவர் காதுல போட்டார். முகம் எந்தப் பக்கம் இருக்கோ அந்தப் பக்கம் போறதாத்தான் சட்டத்துல கணக்காம். முகத்த மேல வெச்சுக்கிட்டு காலக் கீழ வெச்சா அது இறங்கறது இல்லையாம், ஏறுறதுல கொஞ்சம் பின்தங்கறதாம். மறுப்பு உண்டா? இல்ல. அன்னையிலேருந்து இந்தக் கூத்து. உங்க பொண்ணையும் பழகிக்கச் சொல்லுங்க, தாவணி கீவணி போட்டா தடுக்கும்.

அந்தச் சட்டத்த எடுத்துடலாமேன்னா, எடுக்கணும்னு யாராவது வாயத் திறக்கணுமே. அங்கதான் இருக்கு சூட்சுமம். இந்தக் கவுன்சில்ல தலைவரத் தவிர வேற யார் ஒரு விஷயத்தப் பத்தி வாயத் திறக்கறாங்களோ, அந்த விஷயத்துக்கு ஒரு குழுவப் போட்டு அவங்களையே தலைவராக்கிடுவாங்க. அந்தக் குழு ஆராய்ச்சி முடிஞ்சுதுன்னு அவங்க வாயால சொல்ற வரைக்கும் அந்த விஷயத்த ஒருத்தரும் தொடக்கூடாது. இது காலேஜ் தொடங்கின காலத்துலேருந்து வர்ற பழக்கம். தத்துவம் படிச்ச வாத்தியார் ஒருத்தர், பாவம், புதுசா வந்தப்போ காலேஜ் மணி கொஞ்சம் கரகரன்னு அடிக்குதேன்னு வாய் தவறிச் சொல்லிட்டார். மணிக்குழுத் தலைவர். ஆராய்ச்சிக்காக மணியக் கழட்டி அவர் கட்டிலுக்கு அடியில வெச்சாச்சு. இன்னைக்கு வரைக்கும் அங்கதான் கிடக்கு. முடிச்சேன்னு சொன்னா அடுத்த குழு தலையில விழுமேன்னு அவர் முடிக்கவே மாட்டேங்கறார். இப்ப வகுப்பு விட்டா என் சமையற்கட்டுத் தட்டதான் அடிக்கறாங்க. நல்ல தட்டு, கோணிப்போச்சு.

இதனால கூட்டம்னாலே வாத்தியாருங்க ஓடி ஒளிஞ்சுக்குவாங்க. ஏழு பேராவது உக்காந்தாத்தான் கூட்டம் நடக்கும். எவனாவது வந்தாத்தானே? வரலாற்றுப் புரொபசர் ஒரு தடவ என் ஸ்டோர் ரூம்ல வெங்காய மூட்டைக்குப் பின்னாடி பதுங்கிட்டார். வெங்காயம் விடுமா? கண்ணுலேயும் மூக்குலேயும் தண்ணி கொட்டி, தும்மித் தும்மி மாட்டிக்கிட்டார். புடிச்சு இழுத்துட்டுப் போனாங்க. கண்ணு செவந்து உக்காந்திருந்தத பார்த்து, எவ்வளவு ஈடுபாடுன்னு தலைவர் பாராட்டினார்.

ஆள் குறைஞ்சா என்ன பண்ணுவாங்களா? அதுக்கும் வழி வெச்சிருக்காங்க. வராந்தாவுல யாராவது இஸ்திரி போட்ட சட்டையோட நின்னா, உள்ள கூப்பிட்டு உக்கார வெச்சுடுவாங்க. வெளி உறுப்பினர்னு பேரு. சத்தியமாச் சொல்றேன். சும்மா உக்காருங்க, ஒண்ணும் பேச வேண்டாம்பாங்க. ஒரு தடவ உக்காந்தா உக்காந்ததுதான், ஆயுசுக்கும் உறுப்பினர். எடுக்கணும்னா மறுபடி ஒருத்தர் வாயத் திறக்கணுமே.

இப்படித்தான் ஒரு நாள் ஜன்னலுக்குத் திரைச்சீலை தைக்க அளவெடுக்க ஒருத்தர் வந்தார். கழுத்துல அளவு டேப்போட அப்படியே உக்கார வெச்சாங்க. அன்னைக்குப் பாத்து திரைச்சீலை பத்தியே பேச்சு. பழக்கதோஷம், மனுஷன் அந்தத் துணி தண்ணி பட்டா சுருங்கும்னுட்டார். போச்சா, திரைச்சீலைக் குழுத் தலைவர். மத்தவங்க குழுன்னா ஓடுவாங்க, இவருக்கு அது வெல்லமா இனிச்சுது. அடுத்த கூட்டத்துல ஜன்னலப் பத்திப் பேசினார், ஜன்னல் குழு. அப்புறம் சுவர், அப்புறம் கட்டடம், அப்புறம் கஜானா. இப்ப பதினோரு குழுவுக்கு அவர்தான் தலைவர். வாயே திறக்காத ஊர்ல வாய் உள்ள பிள்ளை ராஜா. மேல கண்ணாடிக் கதவு போட்ட பெரிய ரூம் அவரோடதுதான். பின்பக்கமா படி இறங்கறதுல அவர மிஞ்ச ஆளில்ல, கைப்பிடியக் கூடப் புடிக்கமாட்டார். திரைச்சீலை மட்டும் இன்னும் தைச்சுத் தரல.

அவர்தான் கஜானாக் குழு பேர்ல இன்னைக்குக் கூட்டத்துக்கு மூணாவது விஷயத்தக் கொண்டு வந்திருக்கார். என்னன்னா, மெஸ்ஸ மூடிடணுமாம். வெளியிலேருந்து வண்டியில சாப்பாடு வருமாம். யாரு அனுப்பப் போறதுன்னு கேளுங்க. கேக்கமாட்டீங்களா? சரி, நானே சொல்றேன். அவரு மச்சினன். கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே குழம்பு வைக்கிற ஆளு அவன். உங்க பொண்ணு அதத்தான் தின்னணும், மூணு வருஷத்துக்கு. ஆங், இப்ப முகம் மாறுது பாருங்க. பெத்த மனசுல்ல.

வாத்தியாருங்க தடுக்கமாட்டாங்களா? எல்லார்கிட்டயும் போய் நின்னேன் சார். வெங்காய மூட்டைக்காரர்கிட்ட, உங்களுக்குக் காய்ச்சல் வந்தப்போ கஞ்சி வெச்சுக் குடுத்தவ நான், உங்க பிள்ளைங்களுக்கு ஊட்டி விட்டவ நான்னு சொன்னேன். அம்மா, நான் உங்க பக்கம்தான், மனசளவுலன்னார். மனசளவுல! மனசளவ வெச்சு நான் உலை கொதிக்க வைக்க முடியுமா? பிரின்சிபால்கிட்ட கேட்டேன். பார்ப்போம்னார். அவர் எதையுமே நேரா நின்னு பார்த்தது கிடையாது. மணிக்காரர்கிட்ட போனேன், அவரு கதவையே திறக்கல. இவ்வளவு படிச்சு, இவ்வளவு தின்னு, ஒரு வார்த்தை சொல்ல இவங்களுக்கு என்ன கேடு?

நானே உள்ளதானே நிக்கறேன், நானே சொல்லிடலாமேன்னு கேக்கறீங்க. சொன்னேனே. போன தடவ காபி ஊத்திக்கிட்டே, எனக்கு மறுப்பு உண்டுன்னு சொன்னேன். தலைவர் என்னையப் பார்த்துச் சிரிச்சு, இன்னும் கொஞ்சம் சர்க்கரை போடும்மான்னார். நாற்காலியில உக்காராத ஆளு பேசினா அவங்களுக்குக் காதுல விழாது. அன்னைக்கு ஆறு பேர்தான் இருந்தாங்க, வராந்தாவுலயும் யாரும் சிக்கலன்னு விஷயத்த இன்னைக்குத் தள்ளி வெச்சாங்க.

இன்னைக்கும் ஆறு பேர்தான். அதான் பிரின்சிபால் கீழ இறங்கி வந்து தேடிக்கிட்டு இருக்கார். உங்கள மேலேருந்து கீழ பார்த்தாரே, கவனிச்சீங்களா? உங்க முகத்தப் பார்க்கல. சட்டையத்தான் பார்த்தார்.

ஏன் எந்திரிக்கறீங்க? உக்காருங்க தம்பி. தம்பின்னே சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. கையப் புடிச்சதுக்கும் மன்னிச்சுக்கங்க. ஒண்ணும் பெரிய வேலை இல்ல. உள்ள போய் உக்காருங்க. முதல் ரெண்டு விஷயம் ஏதோ கண்ணாடி உடைஞ்சது, குழாய் ஒழுகுறது, அதுக்கெல்லாம் சும்மா இருங்க. மூணாவது வரும்போது தலைவர் கேப்பார், மறுப்பு உண்டா? உண்டுன்னு சொல்லுங்க. அவ்வளவுதான். ஏன் எதுக்குன்னு அவங்க கேக்கமாட்டாங்க. மெஸ் குழுத் தலைவர்னு உங்களப் போட்டுடுவாங்க. ஆராய்ச்சி பண்றேன்னு மாசத்துக்கு ஒரு தடவ வாங்க, பொண்ணையும் பார்த்த மாதிரி இருக்கும், நல்லா சாப்பிட்டுட்டுப் போங்க. முடிச்சேன்னு மட்டும் ஆயுசுக்கும் சொல்லாதீங்க.

வேலைக்குப் போகணும், மாட்டிக்குவேன்னு யோசிக்கறீங்க. நியாயம்தான். மாட்டிக்குவீங்க. நான் பொய் சொல்லமாட்டேன். ஒரு பொய் சொன்னேன், அதையும் சொல்லிடறேன். ஆபீஸ் திறந்துதான் இருக்கு, காலையிலேருந்தே. நீங்க எப்பவோ மெத்தையப் போட்டுட்டுப் போயிருக்கலாம். உங்களுக்கு முன்னாடி நாலஞ்சு அப்பாங்க வந்தாங்க. எல்லாரும் நல்ல சட்டைதான். வாட்ச்மேன் மெத்தைய பின்வாசல் வழியாத்தான் கொண்டு போகணும்னான், சரிங்க சரிங்கன்னு சுத்திக்கிட்டுப் போனாங்க. நீங்க ஒருத்தர்தான் தலையில மெத்தையோட நின்னு, ஏன் முன்வாசல்ல போனா என்னன்னு சண்டை போட்டீங்க. அடுப்பச் சின்னதா வெச்சுட்டு ஓடி வந்தேன், நீங்க போயிடக்கூடாதேன்னு.

வேலை போகுதேன்னு இல்ல தம்பி. நாலு வீட்ல சமைச்சாவது என் வயித்த நான் கழுவிக்குவேன். மெஸ்ஸுக்குப் பின்னாடி எங்களுக்கு ஒரு ரூம் குடுத்திருக்காங்க. மெஸ் போனா ரூமும் போயிடும். என் பொண்ணு கைக்குழந்தையோட அங்கதான் இருக்கா. கட்டிக் குடுத்த வீட்ல, இனிமே நீ இங்க வேண்டாம்னு மாமனார் சொல்லிட்டார். கூடம் நிறைய ஆளுங்களாம், மாமியார், நாத்தனார், பெரிய மாமனார், சின்ன மாமனார், எல்லாரும் உக்காந்திருந்தாங்களாம். மாப்பிள்ளை சுவர்க் கடிகாரத்தப் பார்த்துக்கிட்டு நின்னானாம். ஒருத்தர், ஒரே ஒருத்தர், ஏன் அவளப் போகச் சொல்றீங்கன்னு கேட்டிருந்தா அவ இப்ப அங்க இருந்திருப்பா. ராத்திரி பகல்னு இல்லாம அதையேதான் என்கிட்ட கேக்கறா, ஏம்மா ஒருத்தர் கூடக் கேக்கலன்னு.

கப்பக் குடுங்க. பிரின்சிபால் வர்றார்.