இரண்டாம் பாகத்துக்குக் காட்சி இல்லை

டீ நன்றாக இருக்கிறது சார். இஞ்சி தட்டிப் போட்ட டீ போலீஸ் ஸ்டேஷனில் கிடைக்கும் என்று நான் நினைக்கவே இல்லை.

நான் கல்யாண வீடியோ எடுப்பவன். ஆனந்த் என்றால் பாகலூர் ரோட்டில் எல்லோருக்கும் தெரியும். என் தொழிலில் ஒரு சௌகரியம் உண்டு. எது தவறினாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். மாலை மாற்றும்போது யாராவது குறுக்கே தலையை நீட்டினால், "இன்னொரு தடவை போடுங்க" என்பேன். சிரித்துக்கொண்டே போடுவார்கள். இதுவரை யாரும் கோபித்துக்கொண்டதில்லை.

மோகனப்ரியா கல்லாவியிலிருந்து ஃபேக்டரி வேலைக்கு வந்த பெண். லேடீஸ் ஹாஸ்டலில் கூட இருந்தவர்களுக்கு முகப்பொடி அரைத்துக் கொடுக்க ஆரம்பித்து, 2006க்குள் சொந்தக் கடை போட்டாள். லோக்கல் கேபிளில் 'ப்ரியாவோடு பத்து நிமிஷம்' என்று நிகழ்ச்சி வேறு. ஷிப்ட் முடிந்து வரும் பெண்கள் சாப்பாட்டை மறந்து பார்ப்பார்கள். எனக்கு அவள்மேல் ரொம்பப் பிரியம் சார். என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள்.

கேபிள்காரர் சௌந்தரராஜன் அவளைப் பற்றி மூன்று பாகம் எடுக்கச் சொன்னார். ஏறியது, விழுந்தது, எழுந்தது.

"இந்தப் பொண்ணு எங்கீங்க விழுந்துச்சு?" என்றேன்.

"விழாத ஆளை எவன்யா பாப்பான்?" என்றார். எனக்கும் நியாயமாகத்தான் பட்டது.

ஒரு கைப்பிடி காஸ்டிக் சோடாதான் சார், பொடி டின்னில் கலந்தேன். பதினோரு பெண்களுக்கு முகத்தில் தோல் உரிந்தது. கூட்டம் கடையைச் சூழ்ந்துகொண்டு கத்தியதாம். அன்றைக்குப் பார்த்து நான் பேரிகை கிராமத்தில் ஒரு கல்யாணத்தில் இருந்தேன், கேமராவும் என்னோடு. இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

ஆனால் ப்ரியா லேசுப்பட்டவள் இல்லை. பதினோரு பேரின் அறைக்கும் தினமும் போய்த் தன் கையாலேயே மருந்து போட்டுவிட்டாள். ஆறே மாதத்தில் கடை திரும்பத் திறந்தது. அந்தப் பதினோரு பேரில் ஒருத்தியான மெஹக்தான் ரிப்பன் வெட்டினாள். அதை ஒன்றுவிடாமல் எடுத்தேன். அழுதுகொண்டே எடுத்தேன்.

"நீங்க அழுதா கேமரா ஆடுங்ண்ணா" என்று ப்ரியா கிண்டல் செய்தாள்.

ஆக, முதல் பாகம் தயார், மூன்றாம் பாகமும் தயார். நடுவில்தான் காட்சி இல்லை. என்ன செய்வது, இன்னொரு தடவை எடுத்தேன். இந்த முறை நான்கு கைப்பிடி. கேமரா ஸ்டாண்டைக் காலையிலேயே கடைக்கு எதிரில் போட்டுவிட்டேன். வெளிச்சமும் அருமையாக அமைந்தது.

மெஹக்கின் இடது கண் போனது நான் எதிர்பாராதது. கண்ணை மூடிக்கொண்டு பூச வேண்டும் என்று டப்பாவிலேயே போட்டிருக்கிறது.

தொடர் போன வாரம் ஓடியது. ஊரே பாராட்டியது. கடைசிப் பாகத்தில் மெஹக் எப்படி இரண்டு கண்ணோடு சிரிக்கிறாள் என்று கேட்டது நீங்கள் ஒருவர்தான். கூர்மையான ஆள் சார் நீங்கள்.

ப்ரியா கடையை விற்றுவிட்டாளாம். படுத்த பாயை விட்டு எழுந்திருப்பதில்லையாம். அது அவள் வீட்டுக்குள் நடப்பது. டிவியில் அவள் எழுந்துவிட்டாள், ஜனங்கள் கண்ணாரப் பார்த்தார்கள். அவளை விழ வைத்தது நான்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். சரி, கையெழுத்துப் போடுகிறேன். எழ வைத்ததும் நான்தானே, அதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.