ஏழாவது அடுக்கில் குப்புறக் கிடந்த ரொட்டி

மேடையின் நடுவே மலைபோல் அமர்ந்திருக்கும் விழாத் தலைவர், கோக்கந்து நகரின் சந்தைக் குழுத் தலைவர் ஹம்தம் அண்ணன் அவர்களே! வழக்கு வந்தால் வாயால் தீர்த்து, வாய் ஓய்ந்தால் தேநீரால் தீர்க்கும் தாடி நரைத்த பெரியோர்களே! விடியுமுன் அடுப்பை எழுப்பி, விடிந்தபின் வீட்டு ஆண்களை எழுப்பி, இரண்டில் அடுப்பே எளிது என்று அறிந்து வைத்திருக்கும் அன்னையர்களே! என் பேச்சைவிட முலாம்பழத்தில் முனைப்பாக இருக்கும் முன்வரிசை நண்பர்களே! அனைவருக்கும் இந்த உல்மாஸின் உளம் நிறைந்த சலாம்!

பொருள்களின் மாதிரிப் படத்தைக் கணினியில் உயிரோட்டமாக உருவாக்குவது எப்படி என்று பேசச் சொன்னார்கள். எது மாதிரிப் படம்? இன்னும் தைக்காத பையைத் தைத்ததுபோல், இன்னும் நிரப்பாத புட்டியை நிரப்பியதுபோல், இல்லாத ஒன்றைக் கடைத் தட்டில் கம்பீரமாக நிற்கவைப்பது! பிறக்காத பிள்ளைக்குப் பாஸ்போர்ட் படம் எடுக்கிற வேலை ஐயா இது!

எளிதா? எளிதே இல்லை! நிழல் வேண்டும். பொருள் மேசையைத் தொடும் இடத்தில் அது கறுத்திருக்க வேண்டும், விலக விலக வெளுக்க வேண்டும். வளைந்த பரப்பில் ஒட்டிய பெயர்ச் சீட்டு வளைய வேண்டும். எழுத்தின்மேல் வெளிச்சம் வழுக்க வேண்டும். இத்தனையும் அறிந்தவன் நான். அறிந்தவன்தான் அன்று மானத்தை வாங்கினேன்!

போன ஆண்டு இதே சந்தைக் கூடத்தில் கடைசியாக ஒரே ஒரு கடை காலி. விண்ணப்பங்களோ நாற்பத்து நான்கு. தின்பண்டம் கொண்டுவரக் கூடாது, படம் மட்டுமே என்று விதி. ஏன் அந்த விதி? அதற்கு முந்தைய முறை கொண்டுவந்ததையெல்லாம் தின்று தீர்த்துவிட்டு, முடிவெடுக்காமலே குழு கலைந்தது. தலைவர் அவர்களே, நான் பொதுவாகச் சொன்னேன்!

நாற்பத்து நான்கு பேரில் ஒருவர் ரொட்டி சுடும் மஸ்துரா அக்கா. அவர் தெருவை அகலப்படுத்தப் போகிறார்கள். மாதக் கடைசியில் அடுப்பு இடிபடும். இந்தக் கடை கிடைத்தால் அடுப்பு இங்கே எழும். கிடைக்காவிட்டால் அக்காவும் இரண்டு மகள்களும் வேலையற்று நிற்பார்கள். விண்ணப்பத்துக்கான படத்தைச் செய்யும் வேலையை என்னை நம்பித் தந்தார்.

நான் என்ன செய்தேன்? ரொட்டியின் முகத்தில் ஊசி அச்சால் குத்திய பூ, எள், மேடு பள்ளம். சீட்டு அதன்மேல் சரியாக உட்காரவில்லை. அடி கருகவில்லை பார் என்று அக்கா திருப்பிக் காட்டியபோது எடுத்த படம் ஒன்று இருந்தது. தட்டையான முதுகு! தங்கமான பரப்பு! அதன்மேல் சீட்டு ஒட்டினேன், நிழல் போட்டேன், நிமிர்ந்து பார்த்து நானே சொக்கிப்போனேன். அக்காவிடம் காட்டினேனா? காட்டவில்லை. கலைஞன் அல்லவா!

ஆ! அங்கே ஓர் அம்மா நெஞ்சில் கை வைத்துவிட்டார். ஆம் தாயே, ரொட்டியை அவமதித்தேன், குப்புறப் போட்டேன்! கோக்கந்தில் பிறந்தவன், குப்புறக் கிடக்கும் ரொட்டியைக் கண்டால் தூக்கத்திலும் திருப்புகிறவன், நானே போட்டேன்! என் கண்ணுக்கு அது ரொட்டியாகவே தெரியவில்லை. கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படங்களில் ஏழாவது அடுக்காகத்தான் தெரிந்தது.

குழு கூடியது. தலைவர் அக்காவின் படத்தாளை எடுத்தார். அவர் கை அவரைக் கேட்காமலே தாளைத் திருப்பியது. பின்பக்கம் வெறுங்காகிதம்! மீண்டும் திருப்பினார். பக்கத்தில் இருந்தவர் வாங்கித் தலைகீழாகச் சுழற்றினார். எழுத்துதான் தலைகீழானது, ரொட்டி குப்புறவே கிடந்தது.

"யாரு வீட்டு ரொட்டி இது? ரொட்டியைக் குப்புறப் போடுற கைக்கா நான் கடை குடுக்கணும்?" என்று தலைவர் சீறினார்.

மஸ்துரா அக்கா எழுந்தார். முகம் சிவந்திருந்தது. "என் ரொட்டிதாங்க" என்றார். அவ்வளவுதான். என் பக்கம் விரல் நீட்டவில்லை.

நான் எங்கே இருந்தேன்? தூணுக்குப் பின்னால்! என் கால்கள் வாசலைப் பார்த்தன. ஆனால் அந்த அக்கா தலைகுனிந்து நின்றதைப் பார்க்க முடியவில்லை ஐயா. வெட்கம் பிடுங்கித் தின்றது. தூணைவிட்டு வெளியே வந்தேன்.

"அண்ணே, குப்புறப் போட்டது நான். அக்காவுக்கு இது தெரியவே தெரியாது. அதுவும் வெறும் படம்தானே அண்ணே..."

"வெறும் படம்னா என் கை ஏன்டா திருப்பப் போச்சு?"

உலகில் எந்த வடிவமைப்பாளனுக்கும் கிடைக்காத பாராட்டு! கிடைத்த நேரம்தான் சரியில்லை.

"மத்தியானத் தொழுகைக்குள்ள திருப்பிக் கொண்டா. போ!"

ஓடினோம். வழியெல்லாம் அக்காவின் அர்ச்சனை. "திருப்புறதுக்கு எவ்வளவு நேரம்டா? நான் ஒத்தக் கையால திருப்புவேன்!"

"அக்கா, இந்தப் படத்துல அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லக்கா."

"அப்ப இத்தனை வருஷம் என்னத்தைடா படிச்சே?"

நான் இன்னும் வேகமாக ஓடினேன். அந்தக் கேள்வி இன்றைக்கும் துரத்துகிறது!

புதிதாகச் சுட்டார். பழைய நிழலுக்கேற்ற வெளிச்சம் விழும் சன்னலோரம் வைத்து, முகம் தெரியப் படமெடுத்தேன். சீட்டைச் சிறிதாக்கி ஓரத்துக்குத் தள்ளினேன். ஓரிடத்தில் கருகல் கொப்புளம். அழிக்கப் போனேன். "அதுல கை வெச்சே, உன்னை அடுப்புச் சுவத்துல அறைஞ்சிருவேன்!" கருகல் பிழைத்தது; நானும் பிழைத்தேன்.

நேரத்துக்குள் கொடுத்தோம். தலைவர் பார்த்தார். மேசையில் வைத்தார். எழுத்தர் அடுத்த விண்ணப்பத்தை அதன்மேல் வைக்கப் போனார். தலைவரின் கை குறுக்கே வந்தது. "யோவ், ரொட்டி மேல வைக்கிற!" எழுத்தர் பதறிப்போய்க் கீழே செருகினார். அடுத்ததும் கீழே! அதற்கடுத்ததும் கீழே! நாற்பத்து மூன்றும் கீழே! ரொட்டியின்மேல் எதை ஐயா வைப்பது? எந்தக் கை ஐயா துணியும்?

கடைசியில் தலைவர் அந்த அடுக்கைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், சிரித்தே விட்டார். "மேல இருக்கறது மேலயே இருக்கட்டும். கடை மஸ்துராவுக்கு!"

அக்கா அழுதார். நான் அதைவிடச் சத்தமாக அழுதேன். என்னைத்தான் முதலில் தேற்ற வேண்டியதாயிற்று.

பொறுமையோடு கேட்ட பெரியோர்களுக்கும் அன்னையர்க்கும், பழத்தை முடித்துவிட்ட முன்வரிசைக்கும் என் நன்றி. அதோ, அக்கா கடையிலிருந்து கை காட்டுகிறார். அடுத்த ஈடு ரொட்டி இறங்கிவிட்டதாம். இதற்குமேல் பேசினால் ஆறிவிடும், எழுந்து வாருங்கள். சலாம்!