இருபத்திமூணு கைலி

செல்லக்கிளி: ...பின்ன, சிரிக்காம என்ன செய்யச் சொல்றீக? பினாங்குலேருந்து வந்த ஆளு மாதிரியா இருக்கு? தலை பூராம் நரைச்சுல்ல கெடக்கு!

சௌந்தரபாண்டியன்: நரையில்ல புள்ள. பஞ்சு.

செல்லக்கிளி: பஞ்சா?

சௌந்தரபாண்டியன்: பாலவனத்தம் வரைக்குந்தான் பஸ்ஸுக்குக் காசு இருந்துச்சு. அங்கிட்டிருந்து பஞ்சு லோடு ஏத்துன மாட்டு வண்டி. மூட்டை மேல ஒக்காந்து வந்தேன்.

செல்லக்கிளி: கப்பல்ல போன மவராசா... யம்மோவ்! ஒன் அண்ணன் மகன் வந்துருக்காக!

சோலையம்மாள்: யாருடீ? சௌந்தரபாண்டியா?

செல்லக்கிளி: ஆமா! பேண்ட்டு, டெரிலின் சட்டை, தலையில பஞ்சு!

சோலையம்மாள்: ரெண்டரை வருசமா எந்தக் கண்மாயில கெடந்தானாம்னு கேளு! நான் அடுப்படியில கை வேலையா இருக்கேன். ஒக்காரச் சொல்லு.

சௌந்தரபாண்டியன்: அத்தை கோவமா இருக்காகளோ?

செல்லக்கிளி: இருக்காதா? ஒரு கடுதாசி உண்டா, ஒரு சேதி உண்டா...

சௌந்தரபாண்டியன்: அத்தைக்குச் சரி. ஒனக்கு?

செல்லக்கிளி: எனக்கென்ன? நான் யாரு கோவப்பட? ...ஆமா, மூஞ்சியில எலும்பு தெரியுது, இடுப்பு மட்டும் எப்படி மச்சான் இப்படிப் பெருத்துச்சு? பினாங்குச் சோறு நேரா இடுப்புக்குத்தான் போகுமோ?

சௌந்தரபாண்டியன்: ஏ... இடுப்பைப் பாக்காத. மூட்டையைப் பாரு.

செல்லக்கிளி: என்ன இருக்கு? நைலான் சேலையா? ரேடியோவா?

சௌந்தரபாண்டியன்: ரேடியோ இருந்துச்சு. மதராஸ் துறைமுகத்து வாசல்லயே வித்துட்டேன்.

செல்லக்கிளி: அடப் பாவமே! எதுக்கு?

சௌந்தரபாண்டியன்: சுங்கத்துல வரி கட்டணும்ல.

செல்லக்கிளி: ரேடியோவுக்கு வரி கட்ட ரேடியோவையே வித்தீகளா!

சௌந்தரபாண்டியன்: ரேடியோவுக்கு இல்ல. கைலிக்கு.

செல்லக்கிளி: கைலிக்கா?

சௌந்தரபாண்டியன்: இருபத்திமூணு கைலிக்கு.

செல்லக்கிளி: ஏ ஆத்தீ... ஒரு ஆளுக்கு எத்தன இடுப்பு மச்சான்?

சௌந்தரபாண்டியன்: இதையேதான் அந்த ஆபீசரும் கேட்டாரு! அப்படியே ஒன் வாயி!

செல்லக்கிளி: எந்த ஆபீசரு? முழுசாச் சொல்லுங்க. இருங்க, தறிக்குச் சுண்டுல நூலு சுத்துறதை ஓரமா வச்சுட்டு வாரேன்... ம்.

சௌந்தரபாண்டியன்: ரெண்டு பேரு. ஒருத்தரு கண்ணாடிக்காரரு, ஒருத்தரு தொப்பைக்காரரு. முன்னால தலகாணி மாதிரி ஒரு புஸ்தகம். சட்டைக்கு ஒரு நம்பரு, சட்டைத் துணிக்கு ஒரு நம்பரு, பொம்பளைக துணிக்கு ஒன்னு, ஆம்பளைக துணிக்கு ஒன்னு. நம்பருக்கு நம்பரு வரி மாறும்.

செல்லக்கிளி: கைலிக்கு என்ன நம்பரு?

சௌந்தரபாண்டியன்: அங்கதான் ரெண்டு பேருக்கும் சண்டை! கண்ணாடிக்காரரு இது உடுப்புங்காரு. தொப்பைக்காரரு இது துணிங்காரு. உடுப்புன்னா என் சொந்தச் சாமான்னு விட்டுரலாமாம். துணின்னா யாவாரச் சரக்காம்.

செல்லக்கிளி: கட்டுனா உடுப்பு, மடிச்சா துணி. இதுக்கென்ன சண்டை?

சௌந்தரபாண்டியன்: நீ துறைமுகத்துல இருந்திருக்கணும்டீ. கடைசியில, ரெண்டு முனையையும் சேத்து வாயி மூட்டித் தச்சிருந்தா உடுப்பு, மூட்டலைன்னா துணின்னு முடிவு பண்ணாக.

செல்லக்கிளி: நல்லாருக்கே! எங்கண்ணன் ராமசுப்பு மூட்டாத கைலிதான் கட்டுறான். அப்ப அவன் இத்தன நாளா உடுப்பு இல்லாமலா தெருவுல திரியுறான்?

சௌந்தரபாண்டியன்: ஹா... ஹா... ஏ, மெதுவாச் சிரி, அத்தை வந்துருவாக.

செல்லக்கிளி: வரட்டும்! சரி, தைச்சாத்தான் உடுப்புன்னா கப்பல்லயே ஒக்காந்து தைச்சிருக்கலாம்ல?

சௌந்தரபாண்டியன்: தையக்காரரு ஒருத்தரு கூடவே வந்தாரு. 'தம்பி, எல்லாத்தையும் மூட்டித் தாரேன், சுங்கத்துல தப்பிச்சுக்கலாம்'னு நாலு நாளா கெஞ்சுனாரு. வேணாம்னுட்டேன்.

செல்லக்கிளி: ஏன்?

சௌந்தரபாண்டியன்: ...ஊசி படக் கூடாதுன்னு.

செல்லக்கிளி: கைலியா, பட்டுப் பீதாம்பரமா? ஊசி படக் கூடாதாம்ல!

சௌந்தரபாண்டியன்: கேளு. கண்ணாடிக்காரரு நல்ல மனுசன். காதோட காதா சொல்றாரு, 'தம்பி, உடுத்துனதுக்கு வரி கெடையாது. அங்கிட்டுப் போயி ஒவ்வொன்னா சுத்திப் பாத்துட்டு, நாலு மடிப்பைக் கசக்கிட்டு வா'ன்னு.

செல்லக்கிளி: கசக்கிக் கொண்டு போனீகளா?

சௌந்தரபாண்டியன்: மாட்டேன்னுட்டேன்.

செல்லக்கிளி: ஐயோ மச்சான்... ஒங்கள மாதிரி ஒரு மண்டுவை அந்த மதராஸே பாத்துருக்காது!

சௌந்தரபாண்டியன்: தொப்பைக்காரரும் அதையேதான் சொன்னாரு. கொஞ்சம் கெட்ட வார்த்தை சேத்துச் சொன்னாரு.

சோலையம்மாள்: ஏ கிளி! மோரா காப்பியா கேளு! நாளைக்கு எம்.ரெட்டியபட்டிக்காரக வாராகன்னும் சொல்லிரு. வந்தவன் இருந்து சாப்புட்டுட்டுப் போகட்டும்!

சௌந்தரபாண்டியன்: ...ரெட்டியபட்டியில நமக்கு யாரு இருக்கா?

செல்லக்கிளி: ஒருத்தரும் இல்ல. புதுசா வாராக.

சௌந்தரபாண்டியன்: எதுக்கு?

செல்லக்கிளி: எதுக்கு வருவாக? என்னயப் பாக்கத்தான். பிடிச்சிருந்தா நாளைக்கே வெத்தலை பாக்கு மாத்திருவாக.

சௌந்தரபாண்டியன்: அத்தை வாக்குக் குடுத்துட்டாகளா?

செல்லக்கிளி: இன்னும் இல்ல. நாளைக்குக் குடுக்கும். கடல் தாண்டிப் போனவன் வாயத் தொறந்து கேக்கவும் இல்ல, எத்தன நாளைக்குப் பொம்பளப் புள்ளய வச்சிருக்கன்னு கேக்குது அம்மா... கதையைச் சொல்லுங்க.

சௌந்தரபாண்டியன்: என்ன கதை?

செல்லக்கிளி: துறைமுகத்துக் கதைதான். ஏன் மூஞ்சி அப்படிப் போகுது? மோரு வேணுமா, காப்பி வேணுமா?

சௌந்தரபாண்டியன்: ஒன்னும் வேணாம். ...அப்புறம் என்ன... இது எந்தூருல நெய்ஞ்சதுன்னு கேட்டாக. நம்ம நாட்டுல நெய்ஞ்ச சரக்கு திரும்பி வந்தா வரி இல்லையாம்.

செல்லக்கிளி: ஒங்களுக்குத்தான் அந்தக் கொடுப்பினையும் இல்லையே! குடுங்க, அப்படி என்னதான் பினாங்குக் கைலின்னு பாப்போம். முடிச்சை அவுருங்க... ம்... கப்பல் படம் போட்ட சீட்டெல்லாம் ஒட்டியிருக்கு... மச்சான்!

சௌந்தரபாண்டியன்: என்ன?

செல்லக்கிளி: இது... இது எங்க தறியில நெய்ஞ்சது!

சௌந்தரபாண்டியன்: அப்படியா?

செல்லக்கிளி: ஐயோ, வயிறு வலிக்குதே! அருப்புக்கோட்டைக் கைலிக்கு மதராஸ்ல வரி கட்டி, ரேடியோவை வித்து, பஞ்சு மூட்டை மேல ஏறி, அருப்புக்கோட்டைக்கே கொண்டாந்து... ஜவுளிக்கடையிலதான ரெண்டரை வருசம் வேலை பாத்தீக? நம்மூருக் கைலி எதுன்னு தெரியலையா?

சௌந்தரபாண்டியன்: தெரியலைன்னு நான் சொன்னேனா?

செல்லக்கிளி: ...தெரியுமா?

சௌந்தரபாண்டியன்: கடைக்கு வர்ற துணிக்கட்டு, அந்தப் பேலு பிரிக்கிறதே என் வேலைதான புள்ள. நீங்க நெய்ஞ்சு குடுக்குறதைக் காசிராஜன் மொதலாளி கட்டி அனுப்புற பேலு பூராம் எங்க கடைக்குத்தான் வரும். அது ஒனக்குத் தெரியுமா, தெரியாதா?

செல்லக்கிளி: எனக்கென்ன தெரியும்? நெய்யுறதோட சரி.

சௌந்தரபாண்டியன்: சரி. ஒவ்வொரு பேலுலயும் ஒரே ஒரு கைலி. அதுல, நெய்ஞ்சு முடியிற முனையில, ரெண்டே ரெண்டு எழை கனகாம்பரக் கலரு. அதை மட்டும் என் சம்பளத்துல வாங்கி வச்சுக்குவேன். இந்தா, பாரு. இங்ஙன ஊசி போட்டு மூட்டினா அந்த ரெண்டு எழையும் தையலுக்குள்ள போயிரும். அதான் தையக்காரர விடல.

செல்லக்கிளி: விடுங்க, அதை மடிச்சு வைக்கிறேன்.

சௌந்தரபாண்டியன்: நான் ஊருக்குப் பொறப்பட்ட அன்னைக்கு ஒங்க வாசக் கொக்கியில என் சட்டை கிழிஞ்சுச்சு. ஞாவகம் இருக்கா? வெள்ளைச் சட்டை. அதுல போயி கனகாம்பரக் கலரு நூலைப் போட்டுத் தச்ச. கப்பல் பூராம் என் முதுகைப் பாத்துத்தான் சிரிச்சுச்சு.

செல்லக்கிளி: வேற நூலு இல்ல. அதான் போட்டேன்.

சௌந்தரபாண்டியன்: தறிக்காரக வீட்டுல வெள்ளை நூலு இல்ல!

செல்லக்கிளி: இல்லைன்னா இல்லதான்... சரி, தெரிஞ்ச ஆளு அந்த ஆபீசர்கிட்டச் சொல்ல வேண்டியதுதான? நம்மூருச் சரக்குன்னு?

சௌந்தரபாண்டியன்: சொன்னேன். 'எப்படி நம்புறது? யாரு நெய்ஞ்சது, பேரச் சொல்லு, அடையாளத்தைக் காட்டு'ன்னாக.

செல்லக்கிளி: காட்டியிருந்தா ரேடியோ பொழச்சிருக்கும்.

சௌந்தரபாண்டியன்: அம்புட்டுக் கூட்டத்துக்கு முன்னால ஒன் பேரை எப்படிச் சொல்லுவேன்? அது எனக்குப் போட்ட எழையா, இல்ல கூலிக்குப் போட்ட அடையாளமான்னே எனக்குத் தெரியாதே. அதைக் கேக்கத்தான வேலையை விட்டுட்டு ஓடியாந்தேன்!

செல்லக்கிளி: ...கூலிக்குத்தான். யாரு நெய்ஞ்சதுன்னு தெரியணும்ல.

சௌந்தரபாண்டியன்: பேலுக்கு ஒரு கைலிக்கு மட்டுமா கூலி குடுத்தாரு காசிராஜன் மொதலாளி?

செல்லக்கிளி: அது... மிச்ச நூலு. கெடந்துச்சு, ஓட்டிவிட்டேன்.

சௌந்தரபாண்டியன்: மிச்ச நூலா?

செல்லக்கிளி: இத்தன தெரிஞ்ச ஆளு ஒரு கடுதாசி போட்டா என்னவாம்?

சௌந்தரபாண்டியன்: ஒங்க தெருவுக்கு வர்ற கடுதாசி மொதல்ல தெருவுல பாதிப் பேருக்கு வாசிச்சுக் காட்டிட்டுத்தான வீட்டுக்கு வரும்? ஏன், நீ போட்டிருக்கலாம்ல?

செல்லக்கிளி: பொம்பளப் புள்ள எப்படி மொதல்ல போடுவா?

சௌந்தரபாண்டியன்: சரி கிளி. எனக்குப் பயமாத்தான் இருக்கு. இருந்தாலும் கேட்டுர்றேன். மிச்ச நூலுன்னா மிச்ச நூலுன்னு ஒரு தடவை என் மூஞ்சியப் பாத்துச் சொல்லிரு. அத்தை கையால மோரைக் குடிச்சுட்டு அடுத்த பஸ்ஸுல போயிர்றேன். இல்லைன்னா, இப்பவே அடுப்படிக்குப் போயி அத்தைகிட்டப் பொண்ணு கேட்டுர்றேன்.

செல்லக்கிளி: பஸ்ஸுக்குத்தான் காசு இல்லையே.

சௌந்தரபாண்டியன்: வெளையாடாத புள்ள! ...ஏ, என்ன செய்ற? எதுக்கு அதையெல்லாம் எடுத்து அடுக்குற?

செல்லக்கிளி: சும்மா இருங்க. எண்ணுறேன்.

சௌந்தரபாண்டியன்: நான் என்ன கேக்குறேன், நீ என்ன...

செல்லக்கிளி: ...பதினாறு, பதினேழு... பேசுனா விட்டுப்போகும்... பதினெட்டு...

சோலையம்மாள்: என்னடீ சத்தத்தையே காணோம்? மோரு கொண்டாரவா?

செல்லக்கிளி: யம்மா, நீ வராத! அங்ஙனயே இரு! ...இருபத்தொன்னு, இருபத்திரெண்டு, இருபத்திமூணு.

சௌந்தரபாண்டியன்: அதைத்தான் வந்ததுலேருந்து சொல்றேன்.

செல்லக்கிளி: முனையில எழை இருக்கிறது எல்லாத்தையும் கொண்டாந்துட்டீகளா?

சௌந்தரபாண்டியன்: ஏன் கேக்குற?

செல்லக்கிளி: பேலுக்கு ஒன்னு. நீங்க போனதுலேருந்து இருபத்திநாலு பேலு போயிருக்கு. ஒவ்வொரு பேலுக்கும் நாந்தான காசிராஜன் மொதலாளி வாசல்ல நின்னு, அது உள்ள போயிருச்சா போயிருச்சான்னு பாத்துட்டு வந்தேன்? இருபத்திநாலுல்ல நெய்ஞ்சேன் ஒங்களுக்கு!

சௌந்தரபாண்டியன்: ...அத்தே! அடுப்பை அமத்திட்டு இங்க வாங்க, ஒரு சேதி கேக்கணும்!

செல்லக்கிளி: அதைப் பொறகு கேளுங்க! இன்னொரு கைலி எங்க மச்சான்? எவளுக்குக் குடுத்தீக?

சௌந்தரபாண்டியன்: உடுத்துனதுக்கு வரி கெடையாதுன்னாருல்ல அந்த ஆபீசரு? மொதப் பேலுல வந்ததுடீ அது... பேண்ட்டுக்குள்ள இம்புட்டுப் பெருசாச் சுத்திக்கிட்டு வந்து நிக்கிறேன், நீ பினாங்குச் சோறுங்குற!